கடன் யார் பெயரில், சாகுபடி யார் கையில்? வேளாண் பொருளியல் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கும், வேளாண் நிதி, உற்பத்திப் பொருளியல் ஆகிய துறைகளில் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கும்,

வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து செயலாளராக ஓய்வு பெற்றவன் நான். பயிர்க்கடன், நகைக்கடன், உரம் என்று சங்கத்தில் நடக்கும் அத்தனை வேலையும் என் கையால் நடந்திருக்கிறது. உங்கள் துறையிலிருந்து வந்தவர்களுக்கும் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறேன். நல்ல பிள்ளைகள். வெயில் பார்க்காமல் வருவார்கள், வினாப் பட்டியலைப் பொறுமையாக நிரப்புவார்கள். வந்ததும் அவர்கள் முதலில் கேட்பது உறுப்பினர் பட்டியல். அதில் கடன் வாங்கியவர்களில் சிலர், வாங்காதவர்களில் சிலர் என்று பொறுக்கிக்கொண்டு, இரு சாராரின் விளைச்சலையும் செலவையும் ஒப்பிடுவார்கள். ஊருக்குத் திரும்பியதும் ஆய்வேடு எழுதப்படும்.

நான் சொல்ல வருவது அந்தப் பட்டியலைப் பற்றித்தான். சங்கத்தின் கடன் பதிவேட்டில் இருக்கும் பெயரும், சேற்றில் இறங்கி நிற்கும் ஆளும் காவிரி டெல்டாவில் பல ஊர்களில் ஒருவர் அல்ல. கடன் பட்டாவைப் பார்த்துப் போகிறது. சாகுபடியோ வாய்மொழிக் குத்தகையில் வேறொருவர் கையில் இருக்கிறது. பட்டியலில் 'கடன் பெற்றவர்' என்று நீங்கள் குறித்துக்கொள்பவர் கும்பகோணத்திலோ சென்னையிலோ குடியிருக்கலாம். 'கடன் பெறாதவர்' என்று குறித்துக்கொள்பவர் உரக்கடையிலும் நகைக்கடையிலும் மகளிர் குழுவிலும் கடன் வாங்கி, அந்த ஊரிலேயே அதிகக் கடனில் இருப்பவராக இருக்கலாம். இந்த இரண்டு பேரை ஒப்பிட்டு, கடன் விளைச்சலைக் கூட்டுகிறது என்றோ கூட்டவில்லை என்றோ எழுதினால், அது எதை அளந்ததாக ஆகும்?

ரிசர்வ் வங்கி வேளாண் கடனைப் பரிசீலிக்க அமைத்த உள்ளகப் பணிக்குழு 2019 செப்டம்பரில் அறிக்கை தந்தது. கேரளம், ஆந்திரம், தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில், சாகுபடி இடுபொருள்களுக்குத் தேவைப்படும் பணத்தைவிடப் பல மடங்கு பயிர்க்கடன் கொடுக்கப்பட்டிருப்பதை அது சுட்டிக்காட்டியது. கடன் வேறு வழிக்குத் திரும்புகிறதோ என்ற ஐயத்தையும் எழுப்பியது. 2018-19 விவசாய ஆண்டுக்கு, தேசிய மாதிரி ஆய்வின் 77-வது சுற்று விவசாயக் குடும்பங்களின் நிலையை எடுத்தது. நாட்டு அளவில் 50.2 சதவீதக் குடும்பங்கள் கடனில் இருந்தன. தமிழ்நாட்டில் அது 65.1 சதவீதம். குடும்பத்துக்குச் சராசரி நிலுவை நாட்டு அளவில் 74,121 ரூபாய், தமிழ்நாட்டில் 1,06,553 ரூபாய்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் மாநிலத்தில் வங்கிக் கடன் தேவைக்கு மேல் பாய்ந்திருக்கிறது. ஆனாலும் வரப்போரம் நிற்கும் குத்தகைதாரர் மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்குப் பணம் புரட்டுகிறார். பணம் இல்லாத ஊர் இல்லை இது. பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாத ஊர். எங்கே திரும்பியது, ஏன் திரும்பியது என்று கண்டுபிடிக்கும் பயிற்சி உங்களிடம்தான் இருக்கிறது. ஆகவேதான் அமைச்சருக்கோ வங்கிக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

திரும்பும் வழிகள் சிலவற்றை நானே சொல்கிறேன். நகையை வைத்து வாங்கும் கடன், நிலத்தின் சிட்டா நகல் ஒன்றை இணைத்தால் விவசாயக் கடன் என்று எழுதப்படும். வங்கிகள் தங்கள் மொத்தக் கடனில் 18 சதவீதத்தை வேளாண்மைக்குக் கொடுத்தாக வேண்டும் என்ற முன்னுரிமைத் துறை இலக்கு இருக்கிறது. நகைக்கடனில் மேலாளருக்குத் தூக்கம் கெடாது, இலக்கும் நிறைவேறும். அந்தப் பணம் வயலுக்குப் போனதா, வீட்டு மாடிக்குப் போனதா, மகள் கல்லூரிக்குப் போனதா என்று யாரும் கேட்பதில்லை. இன்னொரு வழி எங்கள் சங்கங்களின் வழி. நில உரிமையாளர் தன் பட்டாவைக் காட்டிப் பயிர்க்கடன் வாங்குவார். குத்தகைதாரருக்குத் தெரிந்தும் நடக்கும், தெரியாமலும் நடக்கும். வட்டியில்லாமல் வாங்கிய அதே பணத்தைக் குத்தகைதாரருக்கு வட்டிக்குக் கொடுத்து, அறுவடையில் நெல்லாக அளந்து வாங்கிக்கொள்பவர்களும் உண்டு.

வட்டியில்லாமல் என்று நான் சொல்வது வெளியூர் வாசகருக்கு விளங்க வேண்டும். குறுகிய காலப் பயிர்க்கடன் 7 சதவீத வட்டியில் கிடைக்கிறது. தவணைக்குள் கட்டினால் ஒன்றிய அரசின் வட்டி மானியம் 3 சதவீதம் குறைத்து 4 ஆக்கும். தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கி ஒழுங்காகக் கட்டினால் அந்த 4 சதவீதத்தையும் மாநில அரசு ஏற்றுக்கொள்ளும். கடைசியில் உறுப்பினர் கட்டும் வட்டி பூஜ்யம். இது பெரிய காரியம். நாங்கள் பெருமைப்பட வேண்டிய காரியம். ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் ரூபாயை மூன்று வட்டிக்கு ஆறு மாதம் வைத்திருந்தால் 18,000 ரூபாய் வட்டி. 2025-26 கொள்முதலில் பொது ரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அந்த வட்டி 7.2 குவிண்டால், அதாவது அறுபது கிலோ மூட்டையில் பன்னிரண்டு மூட்டை. ஒரு லட்சம் மூன்று ஏக்கருக்கு வாங்கியது என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு நான்கு மூட்டை நெல் வட்டிக்கே போகிறது. ஏக்கருக்கு நான்கு மூட்டை கூடுதலாக விளையும் ஒரு ரகத்தைக் கண்டுபிடிக்க விதை விஞ்ஞானிகள் எத்தனை வருடம் பாடுபடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்த நான்கு மூட்டையை, பட்டா இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் நடுவில் இருக்கும் ஒரு காகிதம் தின்றுவிடுகிறது.

இனி நான் முக்கியமாகக் கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஏக்கருக்கு எந்தப் பயிருக்கு எவ்வளவு கடன் என்பதை ஒவ்வொரு ஆண்டும் மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு வகுக்கிறது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, முன்னோடி வங்கி, ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு, வேளாண்மைத் துறை, முன்னோடி விவசாயிகள் என்று பலர் அதில் உட்காருகிறார்கள். நாங்கள் அதைக் 'கடன் அளவு' என்போம். வங்கியில் 'ஸ்கேல் ஆஃப் ஃபைனான்ஸ்' என்பார்கள். வெளியில் அதிகம் பேசப்படாத இந்த எண்ணைப் போல ஒரு விவசாயியின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் எண் வேறு இல்லை. 1998-இல் வந்த கிசான் கிரெடிட் கார்டின் கடன் வரம்பு இதிலிருந்துதான் புறப்படுகிறது: கடன் அளவைப் பரப்பால் பெருக்கி, அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் 10 சதவீதம், பண்ணைச் சொத்துகளைப் பராமரிக்க 20 சதவீதம், அதற்கு மேல் காப்பீட்டுப் பிரிமியம். ஒரு பேச்சுக்கு ஏக்கருக்கு 35,000 என்று வகுத்தால், இரண்டு ஏக்கருக்கு 70,000, அதன்மேல் 7,000, 14,000, ஆக 91,000 என்று வரம்பு நிற்கும்.

அதோடு முடிந்துவிடவில்லை. 2016 முதல் நடக்கும் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காப்பீட்டுத் தொகையும் பெரும்பாலும் இந்தக் கடன் அளவையே ஒட்டி நிற்கிறது. சம்பா அழிந்தால் எவ்வளவு இழப்பீடு என்று கணக்கிடும்போது, அறிவிக்கப்பட்ட பகுதியின் உத்தரவாத விளைச்சலுக்கும் அந்த ஆண்டு உண்மையில் கண்ட விளைச்சலுக்கும் உள்ள பள்ளத்தைச் சதவீதமாக்கி, காப்பீட்டுத் தொகையால் பெருக்குகிறார்கள். ஆகவே அந்தக் கூட்டத்தில் எண்ணை ஆயிரம் ரூபாய் குறைத்து எழுதினால், நல்ல ஆண்டில் கடனும் குறையும், கெட்ட ஆண்டில் இழப்பீடும் குறையும். ஒரே கோட்டில் இரண்டு பக்கமும் அடி.

இந்த எண்ணை எந்த ஆதாரத்தின் மேல் வகுக்கிறார்கள்? போன வருடத்து எண்ணை எடுத்து, விலைவாசியைப் பார்த்து, ஏதோ ஒரு சதவீதம் ஏற்றுவது எளிதான வழி. பக்கத்து மாவட்டம் எவ்வளவு வைத்தது என்று பார்ப்பது அடுத்த வழி. கூட்டத்துக்கு வரும் அதிகாரிகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கையில் வேறு தரவு இல்லை. தரவு உங்கள் கையில் இருக்கிறது. 1970-71 முதல் நாடு முழுக்க நடக்கும் சாகுபடிச் செலவு ஆய்வுத் திட்டத்தைத் தமிழ்நாட்டில் வேளாண்மைப் பல்கலைக்கழகம்தான் நடத்துகிறது. ஊரோடு ஊராக இருந்து, எந்த நாளில் எத்தனை ஆள், எத்தனை மூட்டை உரம், எத்தனை மணி நேரம் டிராக்டர் என்று கள அலுவலர்கள் குறித்துவருகிறார்கள். இவ்வளவு நுணுக்கமான கணக்கு உலகத்தில் பல நாடுகளில் இல்லை. அது டெல்லிக்குப் போகிறது, குறைந்தபட்ச ஆதரவு விலைக்குப் பயன்படுகிறது. தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகத்தில் கடன் அளவு வகுக்கும் மேசைக்கு அது வருவதில்லை. ஒரு கணக்கு விலையைத் தீர்மானிக்கிறது, வேறொரு கணக்கு கடனைத் தீர்மானிக்கிறது. இரண்டும் ஒரே வயலைப் பற்றியவை.

அந்த மேசைக்கு வந்தாலும் ஒரு விஷயம் மறைந்தே கிடக்கும்: குத்தகை. நான் கையாண்ட கடன் அளவுப் பட்டியல்களில் உழவு, விதை, நடவு, உரம், மருந்து, களை, அறுவடை எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. குத்தகைக்கு ஒரு வரி இருந்ததில்லை. உங்கள் கணக்கில் விவசாயி கையிலிருந்து கொடுத்ததைக் கூட்டும் ஏ2 என்ற செலவில், கொடுத்த குத்தகையும் ஏறும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சொந்த நிலக்காரரையும் குத்தகைதாரரையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுக்கும்போது குத்தகைதாரர் கொடுத்தது கரைந்துவிடுகிறது. 2025-26-க்கு நெல்லின் ஏ2-வும் குடும்ப உழைப்பும் சேர்ந்த செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய் என்று எடுத்துக்கொண்டு, அதன்மேல் ஒன்றரை மடங்காக 2,369 ரூபாய் ஆதரவு விலை அறிவிக்கப்பட்டது. அந்த 1,579-க்குள் நீடாமங்கலத்துக் குத்தகைதாரரின் குத்தகை நெல் எத்தனை படி இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் குத்தகையை மா கணக்கில் பேசுவார்கள். மூன்று மா கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். மாவுக்கு மூன்று மூட்டை என்று பேசினால் ஏக்கருக்கு ஒன்பது மூட்டை. விளைச்சல் முப்பது மூட்டை வந்தால் இது 30 சதவீதம். மழையிலோ புகையான் பூச்சியிலோ அடிபட்டு இருபது மூட்டை வந்தால் அதே ஒன்பது மூட்டை 45 சதவீதம். குத்தகை நெல் அளப்பதில் பெரும்பாலும் தள்ளுபடி கிடையாது. இருபது மூட்டைக்கு மேலே சொன்ன 2,500 ரூபாய் விலையில் 30,000 ரூபாய். அதில் 13,500 குத்தகைக்குப் போனால் மீதி 16,500. உழவிலிருந்து அறுவடை இயந்திர வாடகை வரை அதில்தான் கட்ட வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டம் நியாயக் குத்தகையை மொத்த விளைச்சலில் 25 சதவீதம் என்கிறது. வயலில் நடக்கும் குத்தகை அதைத் தாண்டிப் போவதை எல்லோரும் அறிவார்கள். ஆனால் சாகுபடிச் செலவுக் கணக்கின் விதியில், நிலத்தின் வாடகை மதிப்பைச் சட்டம் சொல்லும் உச்சவரம்புக்கு உட்பட்டே எடுக்க வேண்டும் என்று இருந்துவந்தது. ஆதரவு விலைக் கணக்கு முறையை ஆராய்ந்த ரமேஷ் சந்த் குழு 2015-இல் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டு, ஊரில் நடக்கும் உண்மைக் குத்தகையை எடுக்கச் சொன்னது. சரியான பரிந்துரை. சட்டத்தில் எழுதியதைச் செலவாகக் காட்டினால், கொடுத்தவன் வயிறு அதை ஒப்புக்கொள்ளாது.

அதே குழு இன்னொன்றும் சொன்னது. நடைமுறை மூலதனத்துக்கு, அதாவது சாகுபடிச் செலவுக்குப் போடும் பணத்துக்கு, வட்டி போடும்போது பயிர்க்காலத்தில் பாதிக்கு மட்டும் போடும் வழக்கத்தை விட்டு, முழுப் பருவத்துக்கும் போட வேண்டும் என்றது. செலவு ஒரே நாளில் ஆவதில்லை, பரவலாக ஆகிறது என்பது பாதிக் கால வட்டிக்கு உங்கள் துறை சொன்ன காரணம். நெல்லைப் பொறுத்தவரை அது பொருந்தாது என்று நான் சொல்வேன். நாற்றங்கால், உழவு, நடவு, அடியுரம் எல்லாம் முதல் மாதத்திலேயே வந்து நிற்கும். செலவில் பெரும்பங்கு அப்போதே முடிந்துவிடும். பணம் திரும்புவதோ, அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்து, முறை வந்து, எடை போட்டு, வங்கிக் கணக்கில் ஏறும் நாளில். சம்பா நூற்றைம்பது நாள் பயிர் என்றால் கடன் அதைவிட நீண்ட நாள் நிற்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நெல் களத்தில் காயும் ஒவ்வொரு நாளும் வட்டி ஓடுகிறது. கொள்முதல் தாமதத்தால் குத்தகைதாரர் கட்டிய கூடுதல் வட்டி எவ்வளவு என்று ஒரே ஓர் ஆய்வேடு வரட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு விவசாயச் சங்கங்கள் பேசும்.

நாள் என்பது உங்கள் ஆய்வுகளில் விடுபட்டுப் போகும் பெரிய விஷயம். கடன் தொகை இருக்கிறது, வட்டி விகிதம் இருக்கிறது, கடன் கைக்கு வந்த தேதி இருப்பதில்லை. ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கிறது என்று வையுங்கள். குறுவைக்கு அதற்கு முன்பே விதை ஊற வேண்டும். விண்ணப்பம், சிட்டா, கிராமத்துப் பயிர்ப் பதிவேடான அடங்கல், பங்குத் தொகை, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி ஒப்புதல் எல்லாம் முடிந்து பணம் வருவதற்குள் நடவு முடிந்து தூர் கட்டத் தொடங்கியிருக்கும். அடங்கலில் பயிர் ஏற வேண்டுமானால் பயிர் வயலில் நிற்க வேண்டும். பயிர் வயலில் நிற்க வேண்டுமானால் முதலில் பணம் வேண்டும். முதல் மாதத்துக்கான பணத்தை உரக்கடைக்காரரும் வட்டிக்காரரும்தான் கொடுக்கிறார்கள். பிறகு வரும் பயிர்க்கடன் அவர்களுக்குப் போகிறது. பதிவேட்டில் அது 'குறுவை நெல் சாகுபடிக்கு' என்று நிற்கும். ஆய்வாளர் வந்து கடனுக்கும் உர அளவுக்கும் தொடர்பு இல்லை என்று முடிவு எழுதுவார்.

தொழில்நுட்பத் திறன் ஆய்வுகளைப் பற்றி மனம் திறந்து ஒன்று சொல்ல வேண்டும். இடுபொருளையும் விளைச்சலையும் இணைக்கும் சமன்பாடுகளான காப்–டக்ளஸ் சார்பையும் எல்லைச் சார்பையும் வைத்து, இந்த விவசாயி தன்னிடம் உள்ள இடுபொருளைக் கொண்டு எடுத்திருக்கக்கூடிய விளைச்சலில் இத்தனை சதவீதம்தான் எடுத்தார், மீதி அவரது திறமையின்மை என்று எழுதுகிறீர்கள். பரிந்துரையில் 'விரிவாக்கப் பயிற்சி தேவை' என்று வரும். நெல்லுக்குத் தழைச்சத்தை அடியுரமாக, தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, பூக்கும் தருணத்தில் என்று பிரித்துப் போடச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். இது தெரியாத குத்தகைதாரரை நான் பார்த்ததில்லை. தூர் கட்டும் வாரத்தில் கடைக்காரர் பழைய பாக்கியைக் கேட்டு யூரியாவை நிறுத்திவிடுவார். பத்து நாள் கழித்துக் கிடைக்கும். மொத்தம் போட்ட கிலோ கணக்கு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். போட்ட நாள் வேறு. உங்கள் சமன்பாட்டில் கிலோ இருக்கிறது, நாள் இல்லை. ஆகவே பணம் தாமதமானது, அவருடைய திறமைக் குறைவாகப் பதிவாகிவிடுகிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மனிதனுடைய வறுமையை அவனுடைய அறியாமையாக எழுதக் கூடாது.

மகளிர் பெயரில் ஓடும் கடனையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். குத்தகைதாரரின் மனைவி மைக்ரோ ஃபைனான்ஸ் குழுவில் வாங்குவது குடும்பச் செலவுக்கு என்றுதான் எழுதப்படும். பாதி வயலுக்குப் போகும். திருப்பிக் கட்டுவது வாரத்தவணை அல்லது மாதத்தவணை. வயல் வருமானம் வருடத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ. நடுவில் தவணை கட்ட அவர் கூலிக்குப் போகிறார், நடவு நேரத்தில் சொந்தச் சாகுபடியை விட்டுவிட்டு. மேலே சொன்ன 77-வது சுற்றிலேயே, ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாயில் கூலி 4,063, பயிர்ச் சாகுபடி 3,798 என்று வந்தது. விவசாயக் குடும்பத்துக்கே பயிரைவிடக் கூலிதான் பெரிய வருமானம். பயிர்க்கடன் வேறு, வீட்டுக்கடன் வேறு என்று பிரித்துப் பார்க்கும் உங்கள் வினாப் பட்டியலுக்குள் இந்தக் குடும்பம் அடங்காது. அது ஒரே பை.

தள்ளுபடியும் பெயரைப் பார்த்துத்தான் வருகிறது. 2021 பிப்ரவரியில், புயல், மழைச் சேதத்தை அடுத்து, கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய், 16.43 லட்சம் விவசாயிகளுக்குத் தள்ளுபடி என்று அறிவிக்கப்பட்டது. தள்ளுபடியால் கடன் ஒழுக்கம் கெடுகிறதா என்று உங்கள் துறையில் நிறைய விவாதம் நடந்தது. அந்த விவாதம் வேண்டியதே. ஆனால் அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது: புயலில் பயிரை இழந்தவரும் தள்ளுபடி பெற்றவரும் ஒருவர்தானா? இதைக் கிராமம் கிராமமாகச் சரிபார்த்த ஆய்வு என் கண்ணில் படவில்லை.

இதெல்லாம் செய்ய முடியாத வேலை அல்ல. இந்த மண்ணில் செய்து காட்டியிருக்கிறார்கள். 1890-களில் ஆங்கிலேய அதிகாரி ஃபிரடெரிக் நிக்கல்சன் ஐரோப்பாவின் கடன் சங்கங்களைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சென்னை மாகாணத்து ரயத்துக்கு, அதாவது விவசாயிக்கு, எப்படிக் கடன் கொடுப்பது என்று அறிக்கை எழுதினார். அதன் வழியில் 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் சங்கம் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதல் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-17-இல் மாணவர்களை அவரவர் ஊருக்கு அனுப்பி, யாருக்கு நிலம், யாருக்குக் கடன், என்ன வட்டி என்று எழுதி வரச் சொன்னார். தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி அந்த ஊர்களில் ஒன்று. இருபது ஆண்டு கழித்து அதே ஊர்களுக்கு வேறு பேராசிரியர்கள் திரும்பப் போனார்கள். 1950-களில் பண்ணை மேலாண்மை ஆய்வுகள் சேலத்திலும் கோயம்புத்தூரிலும் நடந்தன. 1951-52-க்கான அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு, விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு வெறும் 3.1 சதவீதம் என்று உடைத்துச் சொன்னது. அந்த ஓர் எண் அரசை அசைத்தது. கூட்டுறவுக்கு அரசு பங்கு மூலதனம் போட வழி பிறந்தது. அந்த எண்ணை யாரும் அலுவலகத்தில் உட்கார்ந்து தருவிக்கவில்லை. வீடு வீடாகப் போய், யாரிடம் வாங்கினாய் என்று கேட்டு எடுத்தது. 'யாருக்குப் போய்ச் சேர்ந்தது' என்று இன்று அப்படிக் கேட்க வேண்டும்.

அதற்கு முதலில், மாதிரி எடுக்கும்போது எங்கள் உறுப்பினர் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். சர்வே எண்ணிலிருந்து தொடங்குங்கள். கிராம வரைபடத்தில் புலம் ஒன்றைத் தொட்டு, இந்த போகத்தில் இதை யார் நட்டது என்று கேளுங்கள். அவரிடம் போங்கள். பிறகு அந்தப் புலத்தின் பேரில் எந்தக் கடன், யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பெயரும் எத்தனை இடத்தில் பொருந்துகிறது என்ற ஒற்றை எண்ணை ஊர்வாரியாக வெளியிட்டாலே பாதி வேலை முடிந்தது. வாய்மொழிக் குத்தகையைப் பற்றிக் கேட்டால் பதில் வராது என்பீர்கள். உரிமையாளர் முன்னால் கேட்டால் வராதுதான். களத்தில், தனியாக, பெயர் வெளியில் வராது என்ற உறுதி கொடுத்துக் கேளுங்கள். அந்த உறுதியைக் காப்பாற்றுங்கள். ஓர் ஊரில் ஒருவருடைய குத்தகை பறிபோனால் அடுத்த இருபது வருடம் எந்த மாணவருக்கும் அங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

உரிமையாளர்கள் ஏன் எழுதிக் கொடுப்பதில்லை என்பதையும் பரிவோடு ஆராய வேண்டும். 1955-இன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1969-இன் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டமும் குத்தகைதாரரைக் காக்க வந்தவை. இன்று எழுதினால் நிலம் போய்விடும் என்ற அச்சத்தால் எழுத்தே இல்லாமல் போய்விட்டது. கோயில், மடத்து நிலங்களில் பயிர் செய்பவர்களிடமாவது ரசீது இருக்கும். ஆந்திரம் 2011-இல் உரிமம் பெற்ற சாகுபடியாளர் சட்டம் கொண்டுவந்து, கடன் தகுதி அட்டை கொடுத்தது. 2019-இல் அதை மாற்றி, நில உரிமைக்கு எந்தப் பாதகமும் வராத பதினொரு மாத அட்டையைக் கொண்டுவந்தது; அதற்கும் உரிமையாளர் ஒப்புதல் வேண்டியிருந்தது. கேரளத்தில் மாநில அரசின் மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீயின் பெண்கள் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டு, கூட்டுப் பொறுப்புக் குழுவாக வங்கிக் கடன் பெறுகிறார்கள். இந்த மூன்று மாநிலங்களையும் ஒப்பிட்டு, நில உரிமையைத் தொடாமல் சாகுபடியை மட்டும் சான்றளிக்கும் ஒரு முறை டெல்டாவுக்குப் பொருந்துமா என்று சொல்ல உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

செலவுக் கணக்கை எடுப்பவர்கள், சொந்த நிலக்காரருக்கு ஒன்று, குத்தகைதாரருக்கு ஒன்று என்று இரண்டு நிரல்களாகத் தாருங்கள். ஒவ்வொரு செலவுக்கும் எதிரே தேதி, பணம் எங்கிருந்து வந்தது, என்ன வட்டி என்று மூன்று கட்டம் கூடுதலாகப் போடுங்கள். முடிவைத் தமிழில் நான்கு பக்கத்தில் எழுதுங்கள். ஆங்கில இதழில் வருவது உங்கள் பதவி உயர்வுக்கு வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடன் அளவு வகுக்கும் கூட்டத்தில் உட்காரும் முன்னோடி விவசாயி கையில் தமிழில் இருக்கும் அந்த நான்கு பக்கத்துக்குத்தான் பலம். மாவட்டக் குழுவுக்கு அதை அதிகாரபூர்வமாக அனுப்புங்கள். அனுப்பியதை ஏற்றார்களா, ஏற்காவிட்டால் என்ன காரணம் சொன்னார்கள் என்று அடுத்த ஆண்டு எழுதுங்கள்.

அடுத்த நிதியாண்டுக்கான கடன் அளவுகளை வகுக்கும் பேச்சு சம்பா அறுவடைக்கு முன்பே மாவட்டங்களில் தொடங்கிவிடும். அதற்குள் டெல்டாவில் மூன்று நான்கு ஊர்களில் குறுவைக் கணக்கை முடித்துவிடலாம். மாணவர்கள் வருவதாக இருந்தால், எந்தப் புலத்தை யார் பயிர் செய்கிறார்கள் என்று தெரிந்த நாட்டாண்மைக்காரர்களையும், நடவுப் பெண்களின் மேஸ்திரிகளையும், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற சங்க ஊழியர்களையும் அறிமுகம் செய்து வைக்கிறேன். தங்க இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. நடவு தொடங்கும் வாரத்திலேயே வரச் சொல்லுங்கள். பணம் கைமாறுவதை அப்போதுதான் நேரில் பார்க்க முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுக் கடன் சங்கச் செயலாளர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்